நவீன இந்திய நாடகங்களில் பெண்: ஒடுக்குமுறையும் தன்னை உணர்தலும்

நாடக இலக்கியத்தில் பெண்ணின் விழிப்புணர்வு பற்றிப் பேச முற்படுகின்ற எவரும் நோர்வே நாட்டு நாடகாசிரியர் ஹென்ரிக் இப்ஸனின் 'பொம்மை வீடு' என்ற நாடகத்தையே முதலில் நினைத்துக்கொள்வர். 1879ஆம் ஆண்டு வெளியான அந்த நாடகத்தின் முடிவில் நோரா என்ற மனைவி, கணவனையும் மூன்று குழந்தைகளையும் விட்டு வெளியேறுகிறாள். கதவு அறைந்து சாத்தப்படும் ஓசையுடன் நாடகம் முடிகிறது. உலக அரங்கில் மிக அதிகமாகப் பேசப்பட்ட கதவு அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

நவீன இந்திய நாடகங்கள் சிலவற்றிலும் இப்படியொரு கதவு இருக்கிறது. ஆனால் அது அவ்வளவு இலகுவில் திறப்பதில்லை. ஒரு நாடகத்தில் அது வெளிப்புறமாகத் தாழிடப்பட்டுக் கிடக்கிறது. இன்னொன்றில் கணவன் கதவைப் பூட்டித் திறப்பைத் தன்னோடு கொண்டுபோகிறான். வேறொன்றில் கதவு திறந்தே கிடக்கிறது. வெளியே சென்ற பெண் போவதற்கு வேறிடமின்றித் திரும்பி வருகிறாள். இந்த வேறுபாடுகளைச் சற்று உற்றுப் பார்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

நேயர்களே, தொடங்குமுன் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'நவீன இந்திய நாடகம்' என்பது ஒரு மொழிக்குரியதல்ல. வங்காளம், மராத்தி, கன்னடம், ஹிந்தி, தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் எனப் பல மொழிகளில் எழுதப்பட்டு, மொழிபெயர்ப்புகள் மூலம் ஒன்றையொன்று அறிந்துகொண்ட நாடகங்களின் தொகுதி அது. நம்மில் பலரும் இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்புகள் வாயிலாகவே படித்திருக்கிறோம்.

அடுத்தது, 'தன்னை உணர்தல்' என்ற தொடர். நமது மரபில் இது ஆன்மிகம் சார்ந்த ஒரு சொல்லாட்சி. 'நான் யார்' என்ற கேள்வி ஞானிகளுடைய கேள்வி. இங்கு நாம் அதனைச் சமூகப் பொருளில் கையாள்கிறோம். தன்னை எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள், வைத்தவர்கள் யார், அது விதியா அல்லது மனிதர் செய்த ஏற்பாடா என்று ஒரு பெண் கேட்கத் தொடங்குவதே இங்கு தன்னை உணர்தலாகும்.

பெண்ணுக்காக ஆண் பேசிய காலம்

பெண்ணின் துயரம் இந்திய மேடைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வங்காளத்தில் ராம்நாராயண் தர்க்கரத்தினா 1854இல் எழுதிய 'குலீன் குலசர்வஸ்வ', உயர்குலப் பிராமணர் பல பெண்களை மணக்கும் வழக்கத்தை எள்ளி நகையாடியது. தெலுங்கில் குரஜாடா அப்பாராவின் 'கன்யாசுல்கம்' 1892இல் மேடையேறியது. பணத்துக்காகச் சிறுமிகளைக் கிழவர்களுக்கு மணம் முடித்துக் கொடுப்பதை அந்நாடகம் தாக்கியது. மராத்தியில் கோவிந்த் பல்லாள் தேவல் 1899இல் படைத்த 'சங்கீத சாரதா'வும் கிழவருக்கு மணம் பேசப்பட்ட ஒரு சிறுமியின் கதையே.

இவை சீர்திருத்த நாடகங்கள். இவற்றின் நோக்கம் உயர்ந்தது, பயனும் இருந்தது. பெண்களின் திருமண வயதைப் பதினான்காக நிர்ணயித்த குழந்தை மணத் தடைச் சட்டம் 1929இல் வந்தபோது, அதற்கான மனநிலையை உருவாக்கியவற்றுள் இத்தகைய நாடகங்களுக்கும் பங்கிருந்தது எனலாம்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்நாடகங்களில் பெண் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவள். அவளுக்காக வாதாடுபவர் படித்த ஆண். எழுதியவரும் ஆண். அக்கால மராத்திய மேடையில் பெண் வேடமிட்டு நடித்தவரும் ஆண்தான். பெண் வேடத்தில் பெரும்புகழ் ஈட்டிய பாலகந்தர்வரின் நடையையும் உடையையும் குடும்பப் பெண்களே பின்பற்றினார்கள் என்பர். பெண் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஆண் நடித்துக் காட்ட, பெண் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள்!

இந்தப் பொது நிலைக்கு விலக்காக நிற்பவள் 'கன்யாசுல்க'த்தின் மதுரவாணி. அவள் கணிகை. குடும்பம் என்ற அமைப்புக்கு வெளியே நிற்பதால் அதன் பொய்களை அவளால் தெளிவாகக் காண முடிகிறது. நாடகத்தில் வரும் ஆண்கள் அனைவரையும் எடைபோடும் தராசு அவள் கையில்தான் இருக்கிறது.

கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் இன்னொரு பாதையைத் திறந்தார். 1892இல் அவர் எழுதிய 'சித்திராங்கதா' மகாபாரதக் கிளைக்கதை ஒன்றைத் தழுவியது. ஆண்போல வளர்க்கப்பட்ட மணிப்பூர் இளவரசி அருச்சுனனை விரும்புகிறாள். அவன் மறுக்கவே, மன்மதனிடம் ஓராண்டுக்கு மட்டும் பேரழகை வரமாகப் பெறுகிறாள். அருச்சுனன் மயங்குகிறான். ஆனால் அவளுக்கு நிம்மதியில்லை. அவன் விரும்புவது இரவல் அழகைத்தானே! இறுதியில் அவள் அழகு வேடத்தைக் களைந்து, வணங்கவும் வேண்டாம், இகழவும் வேண்டாம், பக்கத்தில் நிற்கும் துணையாக ஏற்றுக்கொள் என்ற கருத்துப்படப் பேசுகிறாள். 1934இல் தமது குழுவினருடன் இலங்கைக்கு வந்து 'சாபமோசன்' நாட்டிய நாடகத்தை மேடையேற்றிய தாகூர், அதற்கு இரண்டாண்டுகளின் பின் 1936இல் 'சித்திராங்கதா'வையும் நாட்டிய நாடகமாக்கினார். பெண் தன்னைப்பற்றித் தானே தீர்ப்புச் சொல்லும் குரல் இங்கே கேட்கத் தொடங்குகிறது. எனினும் அந்தக் குரல் புராணச் சூழலில் ஒலித்தது. நகரத்து வாடகை வீட்டிலும் அலுவலகத்திலும் அது ஒலிப்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

விளையாட்டாக ஒரு வழக்கு

விஜய் டெண்டுல்கரின் 'அமைதி! நீதிமன்றம் நடைபெறுகிறது' என்ற மராத்தி நாடகம் 1967இல் மேடையேறியது. அர்விந்த் தேஷ்பாண்டே நெறியாள்கை செய்தார். பேணாரே என்ற பிரதான பாத்திரத்தில் சுலபா தேஷ்பாண்டே நடித்தார். 1971இல் சத்யதேவ் துபே இதனைத் திரைப்படமாக்கினார். நவீன இந்திய நாடகத்தில் பெண் பற்றிப் பேசும்போது இந்தப் பிரதியைத் தாண்டிச் செல்லவே முடியாது.

பம்பாயைச் சேர்ந்த ஓர் அமெச்சூர் நாடகக் குழு ஒரு கிராமத்துக்கு வருகிறது. இரவு அவர்கள் போலி நீதிமன்ற நிகழ்ச்சியொன்றை நடத்த வேண்டும். ஓர் உறுப்பினர் வராததால் சாமந்த் என்ற கிராமத்து இளைஞனைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அவனுக்கு நீதிமன்ற நடைமுறையைப் பழக்குவதற்காக, பொழுதுபோக்காக, ஒரு கற்பனை வழக்கு நடத்திப் பார்ப்போம் என்கிறார்கள். குற்றவாளியாக நிறுத்தப்படுபவள் லீலா பேணாரே என்ற பாடசாலை ஆசிரியை. குற்றச்சாட்டு: சிசுக்கொலை.

விளையாட்டு மெல்ல மெல்ல விபரீதமாகிறது. சாட்சிகள் ஒவ்வொருவரும் கற்பனையாகச் சொல்வதுபோல் உண்மைகளைக் கொட்டுகிறார்கள். பேணாரே மணமாகாதவள். அவள் கர்ப்பமாக இருக்கிறாள். அதற்குக் காரணமானவர் பேராசிரியர் தாம்லே. ஐந்து பிள்ளைகளின் தந்தை. அன்று வராமல் விட்டவர்களுள் அவரும் ஒருவர். தன் குழந்தைக்கு ஒரு தகப்பன் பெயர் வேண்டுமென்று அவள் குழுவிலுள்ள இரண்டு ஆண்களிடம் திருமணம் கேட்டிருக்கிறாள். இருவரும் மறுத்துவிட்டார்கள். இப்போது அவர்களே சாட்சிக் கூண்டில் ஏறி அதைச் சொல்கிறார்கள்.

பேணாரே எழுந்து வெளியேற முயல்கிறாள். கதவு திறக்கவில்லை. வெளியே தாழ் விழுந்துவிட்டது. நாடகத்தின் தொடக்கத்திலேயே அந்தத் தாழ் அவளுடைய விரலை நசுக்கியது. அதன் கோளாறு பற்றிச் சாமந்தும் எச்சரித்திருந்தான். அப்போது சாதாரண விபத்தாகத் தெரிந்தது இப்போது முழு நாடகத்தின் பொருளையும் சுமந்து நிற்கிறது. நோரா சாத்திச் சென்ற கதவை இங்கே ஊரே வெளியிலிருந்து பிடித்துக்கொண்டிருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

இந்தப் போலி நீதிமன்றத்தில் இருப்பவர்கள் யார் என்று பார்த்தால் டெண்டுல்கரின் கூர்மை புலப்படும். வழக்குக் கிடைக்காத சட்டத்தரணி சுகாத்மே. பரீட்சையில் சித்தியடையாத அறிவியல்காரன் போங்க்ஷே. சமூக சேவகர் எனப் பெயரெடுத்தும் வீட்டில் மனைவியைப் பேசவிடாத காஷிகர். வாழ்க்கையில் தோற்ற இந்த மனிதர்களுக்கு ஓர் இரை வேண்டியிருக்கிறது. தங்களிலும் சுதந்திரமாக, சிரித்துப் பேசி, சொந்த உழைப்பில் வாழும் பெண் அவர்களுடைய கண்ணில் பட்டுவிடுகிறாள். அவளைக் கூண்டுக்குப் பிடித்து இழுத்து வருபவள் திருமதி காஷிகர் என்பது இன்னும் கவனிக்கத்தக்கது. கணவனால் ஒவ்வொரு வார்த்தையிலும் அவமதிக்கப்படும் அந்தப் பெண், வேறொரு பெண்ணை ஒடுக்கும்போது மாத்திரம் அவனுடைய அங்கீகாரத்தைப் பெறுகிறாள்.

இறுதியில் குற்றவாளிக்குப் பேச அனுமதி தரப்படுகிறது. பத்து விநாடிகள் மட்டும். அப்போது மற்றப் பாத்திரங்கள் எல்லாம் சிலைபோல் உறைந்து நிற்க, பேணாரே நீண்ட தனிமொழி ஒன்றைப் பேசுகிறாள். பதினான்கு, பதினைந்து வயதில் தன் தாய்மாமன்மீது கொண்ட காதலும் அவன் அவளைக் கைவிட்டதும், தற்கொலை முயற்சி, பின்னர் பேராசிரியரின் அறிவை வணங்கி அவருக்குத் தன்னைக் கொடுத்தது, அவரோ அவளுடைய உடலை மட்டும் எடுத்துக்கொண்டது, வகுப்பறையில் பிள்ளைகளோடு அவள் அனுபவித்த தூய மகிழ்ச்சி என்று அனைத்தும் வெளிவருகின்றன. தன் உடல்மீது அவளுக்குக் கோபமும் உண்டு, அன்பும் உண்டு. பிறக்கப்போகும் குழந்தைக்காக வாழ வேண்டும் என்ற முடிவுக்கு அவள் வருகிறாள்.

இதுவே தன்னை உணரும் கணம். ஆனால் அந்தத் தனிமொழியை மேடையிலுள்ள எவரும் கேட்கவில்லை. பத்து விநாடி முடிந்ததும் அவள் எதுவுமே பேசாததுபோல நீதிமன்றம் தொடர்கிறது. கேட்டவர்கள் நாம், பார்வையாளர்கள் மட்டுமே. கேட்டுவிட்டோம் என்பதால் நமக்கும் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது.

தீர்ப்பையும் பாருங்கள். சிசுக்கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணுக்கு வழங்கப்படும் தண்டனை, அவளுடைய கருவை அழித்துவிட வேண்டும் என்பதே. குற்றம் எதுவோ அதையே தண்டனையாக விதிக்கிறது அறம் பேசும் நீதிமன்றம். சில நிபந்தனைகளுடன் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் இந்தியாவில் வந்தது 1971இல்தான் என்பதை நினைத்தால் இந்த முரண் மேலும் உறைக்கும். பிறகு கதவு திறக்கிறது, கிராமத்தார் வந்துவிட்டார்கள். எல்லாம் விளையாட்டுத்தான், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று அனைவரும் நிகழ்ச்சிக்கு ஆயத்தமாகிறார்கள். அசைவற்றுக் கிடக்கும் பேணாரேயின் அருகில் தான் வாங்கி வந்த துணிக்கிளியை வைத்துவிட்டுச் சாமந்த் மெல்ல விலகுகிறான். அந்த மாலை அவளுக்குக் கிடைத்த மனிதாபிமானம் அவ்வளவுதான்.

விளையாட்டு வழக்கு உண்மை வழக்காகும் இந்த உத்தி, சுவிட்சர்லாந்து எழுத்தாளர் ஃபிரீட்ரிக் டூரன்மாட் 1956இல் எழுதிய கதையொன்றை நினைவூட்டுகிறது. அக்கதைக்கு வானொலி நாடக வடிவமும் உண்டு. அங்கே குற்றவாளியாக நிற்பவன் ஓர் ஆண். தன் சாதாரண வாழ்வுக்கு இவ்வளவு பெரிய குற்றமா என்று அவன் பெருமைகூடக் கொள்கிறான். பேணாரேக்கு அந்த வாய்ப்பில்லை. ஆணின் இரகசியம் அவனைப் பெரியவனாக்க, பெண்ணின் இரகசியம் அவளை நிர்வாணமாக்குகிறது. உத்தி ஒன்றாயினும், குற்றவாளி பெண்ணானதும் நாடகமே வேறாகிவிடுகிறது.

விலைக்கு வாங்கப்பட்ட இருவர்

டெண்டுல்கரின் 'சகாராம் பைண்டர்' (1972), கணவர்களால் கைவிடப்பட்ட பெண்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து வரும் புத்தகம் கட்டும் தொழிலாளி ஒருவனைப் பற்றியது. மகாராஷ்டிரத்தில் தணிக்கைச் சிக்கலுக்கு உள்ளாகி இந்நாடகம் நீதிமன்றம் வரை சென்றது. நமது தலைப்புக்கு மேலும் நெருக்கமானது அவருடைய 'கமலா' (1981).

பெண்கள் சந்தையில் விற்கப்படுகிறார்கள் என்பதை நிரூபிப்பதற்காக ஒரு பத்திரிகையாளர் உண்மையிலேயே ஒரு பெண்ணை விலைக்கு வாங்கிச் செய்தி வெளியிட்ட சம்பவம் அவ்வாண்டு இந்தியாவைப் பரபரப்பில் ஆழ்த்தியது. அச்சம்பவத்தை ஆதாரமாகக் கொண்டதே இந்நாடகம். டில்லியில் வசிக்கும் பத்திரிகையாளன் ஜெய்சிங், கமலா என்ற பழங்குடிப் பெண்ணை 250 ரூபாவுக்கு வாங்கி வருகிறான். நிருபர்கள் மாநாட்டில் அவளைக் காட்சிப்பொருளாக்கிப் புகழ் தேடிக்கொள்கிறான். அவளுக்கு என்ன நேரும் என்பது அவனுடைய கவலையல்ல.

இந்நாடகத்தின் உயிர் ஜெய்சிங்கிடத்தில் இல்லை. அவனுடைய மனைவி சரிதாவிடம் இருக்கிறது. படித்தவள், நல்ல குடும்பத்தில் பிறந்தவள். அவளைக் கண்ட கமலா கபடமின்றி ஒரு கேள்வி கேட்கிறாள்: உங்களை அவர் எவ்வளவுக்கு வாங்கினார்? சரிதா முதலில் திகைக்கிறாள். பின் விளையாட்டுப்போல் பெருந்தொகை ஒன்றைச் சொல்கிறாள். அவ்வளவு கொடுத்தும் பிள்ளை இல்லையே என்று கமலா அவனுக்காக இரங்குகிறாள். இருவரும் ஒரே எசமானுக்கு உரியவர்கள். எனவே வேலைகளையும் நாட்களையும் பங்கிட்டுக்கொண்டு சகோதரிகள்போல் இருக்கலாம் என்றும் யோசனை சொல்கிறாள்.

இது நகைச்சுவைக் காட்சி. ஆனால் சிரிப்பு அடங்கியபின் சரிதாவின் வாழ்க்கை அவளுக்கே வேறு விதமாகத் தெரிகிறது. கணவனின் தொலைபேசி அழைப்புகளைக் குறித்துவைப்பதும், அவன் சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு வைப்பதும், அழைத்த போதெல்லாம் விருந்துக்குப் போவதும் மனைவியின் கடமை என்று எண்ணியிருந்தவளுக்கு, தானும் வாங்கப்பட்டவளே என்பது புரிகிறது. எழுத்தறிவற்ற பெண் படித்த பெண்ணுக்குக் கண்ணாடியாகிறாள். பொதுவாகப் படித்தவர்களே படியாதவர்களுக்கு விழிப்பூட்டுவதாக எழுதுவார்கள். இங்கு அது தலைகீழாக நிகழ்கிறது.

முடிவில் ஜெய்சிங்கின் வேலை பறிபோகிறது. பத்திரிகை முதலாளிக்கு அவனும் ஓர் அடிமையே என்பது தெரியவருகிறது. சரிதா அப்போது வீட்டை விட்டுப் போகவில்லை. வீழ்ந்து கிடக்கும் கணவனுக்கு ஆதரவாக இருக்கிறாள். ஆனால் தான் அடிமையாக இருக்கப்போவதில்லை, அதற்கொரு நாள் வரும், அதன் விலையையும் கொடுப்பேன் என்ற உறுதியோடு இருக்கிறாள். சிலர் இதனைச் சமரசம் என்பர். எனக்கு இது உண்மைக்கு மிக அருகிலான முடிவாகவே தோன்றுகிறது. உணர்தல் ஒரு கணத்தில் வந்துவிடும். அதை வாழ்க்கையாக்குவதற்குக் காலம் வேண்டும்.

திறந்திருந்தும் திறக்காத கதவு

மோகன் ராகேஷின் 'ஆதே அதூரே' (1969) என்ற ஹிந்தி நாடகத்தின் தலைப்பை 'அரையும் குறையும்' எனத் தமிழாக்கலாம். சாவித்திரி அலுவலகத்தில் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தாங்குகிறாள். கணவன் மகேந்திரநாத் வியாபாரத்தில் நொடித்துப்போய் வீட்டில் இருக்கிறான். மகனுக்கு வேலையில்லை. மூத்த மகள் ஓடிப்போய் மணம்செய்து, மனமுடைந்து திரும்பியிருக்கிறாள். இளையவள் அடங்காதவள். வருமானம் சாவித்திரியுடையது, மரியாதை மட்டும் அவளுக்கு இல்லை.

இந்நாடகத்தில் ராகேஷ் கையாண்ட உத்தி பிரசித்தமானது. கணவன், மேலதிகாரி, பழைய நண்பன், கணவனின் நண்பன் ஆகிய நான்கு பாத்திரங்களையும் ஒரே நடிகர் உடையை மாற்றி நடிக்க வேண்டும். முன்னுரை கூறுபவனும் அவரே. சாவித்திரி எந்த ஆணிடம் போனாலும் அவள் காண்பது ஒரே முகத்தைத்தான் என்பதைச் சொல்லால் விளக்காமல் மேடையே காட்டிவிடுகிறது.

ஆனால் ஒரு சிக்கலும் இருக்கிறது. இறுதிக் கட்டத்தில் கணவனின் நண்பன் ஜுனேஜா, யாரை மணந்திருந்தாலும் நீ திருப்தியடைந்திருக்க மாட்டாய் என்று சாவித்திரியின் வாழ்க்கைக்கே தீர்ப்பு வழங்குகிறான். மீண்டும் ஆண் பேசுகிறான், பெண் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாடகாசிரியர் அவன் பக்கமா, அல்லது அவனும் அதே முகங்களில் ஒன்றுதானா? ஒரே நடிகர் என்ற உத்தியை நினைத்தால் இரண்டாவது பொருளே பொருந்துகிறது. போன சாவித்திரியும் திரும்பி வருகிறாள். போன மகேந்திரநாத்தும் தட்டுத்தடுமாறித் திரும்பி வருகிறான். பூட்டில்லாத வீடும் சிறையாக முடியும் என்பதை இந்நாடகம் காட்டுகிறது. சம்பளம் மட்டும் பெண்ணை விடுவித்துவிடாது என்பதை அது அன்றே சொல்லிவிட்டது.

நாகமும் ராணியும்

கிரீஷ் கர்நாட் 1988இல் கன்னடத்தில் எழுதிய 'நாகமண்டலம்', ஏ.கே. ராமானுஜனிடம் கேட்ட இரண்டு நாட்டார் கதைகளை அடிப்படையாகக் கொண்டது. அப்பண்ணா இளம் மனைவி ராணியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் பரத்தை வீட்டுக்குப் போகிறான். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறான். அப்பண்ணா என்றால் எந்த ஓர் ஆணும் என்று பொருள்கொள்ளலாம். குருடியான ஒரு மூதாட்டி, கணவனை வசப்படுத்த ஒரு மூலிகை வேரைக் கொடுக்கிறாள். அது கலந்த குழம்பைக் கண்டு அஞ்சிய ராணி அதனைப் புற்றில் ஊற்றிவிட, அங்கிருந்த நாகம் அவள்மீது காதல் கொள்கிறது. இரவில் அப்பண்ணாவின் வடிவெடுத்து வருகிறது.

பகலில் வரும் கணவன் கொடியவன். இரவில் வருபவன் அன்பானவன். இருவரும் ஒருவர் என்றே ராணி நம்ப வேண்டியிருக்கிறது. கேள்வி கேட்காதே என்பது இரவுக்காரனின் கட்டளையும்கூட. அவள் கர்ப்பமானதும் அப்பண்ணா பஞ்சாயத்தைக் கூட்டுகிறான். நாகத்தைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். கணவனையும் இந்த நாகத்தையும் தவிர வேறெந்த ஆணையும் தீண்டவில்லை என்று அவள் சொல்கிறாள். அது சொல்லுக்குச் சொல் உண்மை! நாகம் படமெடுத்து அவளுக்குக் குடை பிடிக்கிறது. ஊரே அவளைத் தெய்வமென்று வணங்குகிறது.

ஊரறியப் பரத்தை வீட்டுக்குப் போகிற அப்பண்ணாவிடம் யாரும் சத்தியம் கேட்கவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. சீதை தீக்குளித்த மரபின் தொடர்ச்சிதான் இது. ஆனால் கர்நாட் அந்த மரபைத் திருப்பிப் போடுகிறார். இங்கே தெய்விகச் சோதனையில் வெல்லும் பெண், ஊரின் அளவுகோலின்படி கற்புத் தவறியவள். அப்படியானால் பிழை அவளிடத்திலா, அளவுகோலிலா?

ராணி வெற்றி பெற்றாளா என்பது விவாதத்துக்குரியது. அவளுக்கு வீடும் கணவனும் மகனும் கிடைத்தன. ஆனால் கிடைத்தது தெய்வம் என்ற பட்டத்தினால். பெண் என்பதால் அல்ல. தெய்வமாக்குவதும் பேசவிடாமல் செய்வதற்கு ஒரு வழிதானே! ஒன்று மட்டும் உறுதி: கணவனாக வந்த அந்த அன்பு யாருடையது என்பது ஒரு கட்டத்தில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. அதை அவள் வெளியே சொல்வதில்லை. இறந்த நாகத்துக்குத் தன் மகனைக் கொண்டே கிரியை செய்விக்கிறாள்.

இந்நாடகத்தின் வெளிச்சட்டகமும் பொருள் நிறைந்தது. இரவில் அணைக்கப்பட்ட வீட்டு விளக்குகளின் சுடர்கள் பெண்ணுருவில் பாழடைந்த கோயிலொன்றில் கூடிக் கதை பேசுகின்றன. ஒரு கிழவி தான் அறிந்த கதையை யாருக்கும் சொல்லாமல் அடக்கிவைத்திருந்தாள். அந்தக் கதை மூச்சுமுட்டி, அவள் தூங்கும்போது வாய்வழியே தப்பி, ஓர் இளம்பெண்ணாக அங்கே வந்து சேர்கிறது. அடுப்படியில் பெண்கள் பெண்களுக்குச் சொன்ன கதைகள் சொல்லப்படாமல் போனால் அவை பழிவாங்கும் என்ற நாட்டார் நம்பிக்கைக்குள் ஒரு பெரிய உண்மை ஒளிந்திருக்கிறது.

பெண்ணே பேசும்போது

இதுவரை கண்டவை ஆண்கள் எழுதியவை. ஆங்கிலத்தில் எழுதும் மகேஷ் தத்தானியின் 'தாரா' (1990) நாடகத்தையும் இவற்றோடு சேர்க்கலாம். ஒட்டிப் பிறந்த ஆண், பெண் இரட்டையரைப் பிரிக்கும்போது, பெண் குழந்தையின் உடலோடு பொருந்தக்கூடிய காலைத் தாயும் தாத்தாவும் ஆண் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது இரண்டே நாளில் பயனற்றுப்போகிறது. பிறப்பிலேயே தொடங்கும் பாகுபாட்டுக்கு இதைவிடக் கொடிய படிமம் கிடைப்பது அரிது.

பெண்கள் எழுதத் தொடங்கியபோது என்ன மாறியது? வங்காள நடிகை சாவ்லி மித்ரா 1983இல் தாமே எழுதித் தனியொருவராக நடித்த 'நாதவதி அநாதவத்' பாஞ்சாலியின் கதை. கணவர்கள் இருந்தும் நாதியற்றவள் என்பது தலைப்பின் பொருள். கதாகாலட்சேபம் செய்பவரைப்போல் மேடையேறி, சூதாடியவர்களாகவும் பார்த்துக்கொண்டிருந்தவர்களாகவும் பாஞ்சாலியாகவும் அவரே மாறுகிறார். பெண் வேடமிட்ட ஆண்கள் ஆண்ட மேடையில், ஐந்து கணவர்களையும் ஒரு பெண் தன் குரலில் நடித்துக் காட்டினாள் என்பதே ஒரு வரலாற்றுத் திருப்பம்.

மஞ்சுளா பத்மநாபனின் 'லைட்ஸ் அவுட்' (1986) எதிர்ப்புறத்திலிருந்து வருகிறது. 1982இல் பம்பாயில் நடந்த சம்பவம் ஒன்றே அதற்கு ஆதாரம். அயல் கட்டடத்தில் ஒரு பெண் வன்முறைக்கு உள்ளாகிறாள். அவளுடைய அலறல் கேட்கிறது. இங்கே நடுத்தர வர்க்கத்தினர் இராப்போசன மேசையைச் சுற்றி, இது மதச் சடங்கா, குடும்பச் சண்டையா, அவள் எப்படிப்பட்டவள் என்று விவாதிக்கிறார்கள். முடிவுக்கு வரும்போது எல்லாம் முடிந்துவிடுகிறது. பாதிக்கப்பட்ட பெண்ணை நாம் ஒருமுறையும் பார்ப்பதில்லை. வீட்டு வேலைக்காரி ஃபிரீடா நாடகம் முழுவதும் மேடையில் இருந்தும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவளிடம் யாரும் அபிப்பிராயம் கேட்பதுமில்லை. பேணாரேயின் தனிமொழியைக் கேட்காத அதே சமூகம்தான் இது.

தமிழகத்தில் அ. மங்கை நெறியாள்கை செய்த 'பச்சமண்ணு' பெண் சிசுக்கொலையை எடுத்துக்கொண்டது. இன்குலாப் எழுதி அவரே மேடையேற்றிய 'ஔவை', பாடப்புத்தகக் கிழவியை அகற்றிவிட்டு, ஊர் ஊராகத் திரிந்து பாடிய சங்ககாலப் பாண் மகளை முன்னிறுத்தியது. பெண்ணின் அறிவை ஏற்பதற்கு அவளுடைய இளமையை அழித்துக் கிழவியாக்க வேண்டியிருந்ததா என்ற கேள்வியை அந்நாடகம் நம்முன் வைக்கிறது.

முடிவாக

நேயர்களே, இந்நாடகங்களை ஒருசேர நோக்கும்போது மூன்று விடயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, ஒடுக்குமுறையின் கருவி எப்போதும் கம்போ கையோ அல்ல. நகைச்சுவை, விளையாட்டு, பாராட்டு, தெய்வப் பட்டம் என்பனவும் கருவிகளாகின்றன. பேணாரேயை வீழ்த்தியது விளையாட்டு. ராணியை மௌனமாக்கியது வழிபாடு.

இரண்டாவது, ஒரு பெண் தன்னை உணர்வது பெரும்பாலும் இன்னொரு பெண்ணின் வழியாகவே. சரிதாவுக்குக் கமலா வாய்த்தாள். பேணாரேக்கு யாரும் வாய்க்கவில்லை. திருமதி காஷிகர் கூண்டுக்கு இழுப்பதற்குப் பதிலாகக் கைகொடுத்திருந்தால் அந்த நாடகம் வேறு விதமாக முடிந்திருக்கும்.

மூன்றாவது, உணர்தல் வேறு, விடுதலை வேறு. முன்னையது பெண்ணிடத்தில் நிகழ்வது. பின்னையதற்கு வீடும் ஊரும் சட்டமும் அசைய வேண்டும். இந்திய நாடகாசிரியர்களுள் சிறந்தவர்கள் இந்த இரண்டையும் குழப்பவில்லை. அதனால்தான் அவர்களுடைய நாயகிகள் நோராவைப்போல் கதவைச் சாத்திவிட்டுப் போவதில்லை. இது நாடகாசிரியர்களின் துணிவின்மை என்று கருதுவோர் உண்டு. வாசற்படிக்கு வெளியே அந்தப் பெண்ணை ஏற்கும் தெரு இன்னும் அமையவில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள் என்றே நான் கொள்கிறேன்.

வாய்ப்புள்ள வாசகர்கள் 'அமைதி! நீதிமன்றம் நடைபெறுகிறது' நாடகத்தையாவது ஒருமுறை படித்துப் பாருங்கள். பேணாரேயின் தனிமொழிக்கு வந்ததும் ஒரு கணம் நிறுத்தி, மேடையில் உறைந்து நிற்பவர்களுள் நாம் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாடகம் நம்மிடம் எதிர்பார்ப்பது அதைத்தான்.